விளக்கில்லாத ரோட்டில் இரவு சைக்கிள்: பின்னால் வருகிறவருக்கு நான் தெரிகிறேனா?

கேள்வி – இரண்டாம்ஷிஃப்ட்

வணக்கம். இரவு 11 மணிக்கு வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிறவள் நான். மொத்தம் 9 கிலோமீட்டர். முதல் மூன்று கிலோமீட்டருக்குத் தெருவிளக்கு உண்டு. பாலத்தைத் தாண்டிவிட்டால் மீதி ஆறும் வயலுக்கு நடுவே போகும் குறுகலான ரோடு. எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும். நிலா இல்லாத நாளில் லைட்டை அணைத்தால் என் கையே எனக்குத் தெரியாது. நாலு வருஷமாக இதே ரோட்டில் போய் வருகிறேன், பயந்ததில்லை. போன செவ்வாய்க்கிழமையிலிருந்து பயமாக இருக்கிறது.

அன்றைக்கு லேசான தூறல். ரெயின்கோட் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பாலம் தாண்டி இரண்டு கிலோமீட்டர் வந்திருப்பேன், பின்னால் லோடு வண்டி வரும் சத்தம் கேட்டது. வழக்கம்போல ஓரம் ஒதுங்கினேன். பின்னாலிருந்து வெளிச்சம் பட்டதும் என் நிழல் எனக்கு முன்னால் ரோட்டில் நீளமாக விழும். வண்டிக்காரர் என்னைப் பார்த்து விலக ஆரம்பித்தால் அந்த நிழல் மெதுவாக ஓரமாகச் சாயும். நாலு வருஷத்தில் நானாகக் கண்டுபிடித்துக்கொண்ட அடையாளம் இது. அன்றைக்கு நிழல் சாயவே இல்லை. நேராக, அப்படியே நின்றது. திரும்பிப் பார்க்கலாமா என்று நினைப்பதற்குள் பிரேக் கிறீச்சிட்டது. வண்டியின் பக்கக் கண்ணாடி என் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. நான் மண்ணில் இறங்கி, சக்கரம் சறுக்கி விழுந்தேன்.

ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். என்னைத் தூக்கிவிட்ட அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "சத்தியமா நீங்க போறதே தெரியலம்மா. பின்னாடி லைட்டே இல்லையே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. கிளம்பும்போது பின் லைட்டை நானேதான் அமுக்கி எரிய விட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தேன், அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அவர் பொய் சொல்கிறவர் மாதிரியும் தெரியவில்லை. இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

என்னிடம் இருப்பவை: ஹேண்டில்பாரில் சார்ஜ் செய்யும் முன் லைட் ஒன்று. சீட்டுக்கு அடியில் மினுக்கும் சிவப்பு லைட் ஒன்று. பின் மட்கார்டில் சைக்கிளோடு வந்த சிவப்பு ரிஃப்ளெக்டர். ரெயின்கோட் எலுமிச்சை மஞ்சள், கண்ணைப் பறிக்கும் நிறம். இத்தனையும் இருந்தும் தெரியவில்லை என்றால் நான் வேறு என்ன செய்ய வேண்டும்? கூட வேலை பார்ப்பவர் ஒருவர், ரோட்டின் எதிர்ப்பக்கத்தில் வண்டிகளைப் பார்த்தபடி ஓட்டு, அதுதான் பாதுகாப்பு என்கிறார். அது சரியா? வேலையை விட முடியாது, வேறு ரோடும் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதில் – நைட்லோடு

தங்கச்சி, முழங்கை, முட்டியெல்லாம் சரியாக இருக்கிறதா? விழுந்த அன்றைக்குத் தெரியாத வலி இரண்டு நாள் கழித்து வரும். பார்த்துக்கொள்ளுங்கள்.

17 வருஷமாக இரவில் லோடு வண்டி ஓட்டுகிறேன். அந்த ஓட்டுநர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். முதலில் ஒன்று சொல்லுங்கள்: அந்த ரெயின்கோட் எவ்வளவு நீளம்? சீட்டில் உட்கார்ந்த பிறகு அதன் பின்பக்கம் எங்கே தொங்குகிறது? சீட்டுக்கு அடியில் இருக்கும் லைட்டை அது மூடியிருக்கும் என்பது என் சந்தேகம். மழை நாளில் இப்படி எத்தனையோ பேரைத் தாண்டிப் போயிருக்கிறேன். ரொம்பப் பக்கத்தில் வந்த பிறகுதான் துணிக்குள்ளே ஒரு சிவப்பு மங்கல் தெரியும். சீட்டிலிருந்து இறங்கியதும் துணி விலகிவிடும், லைட் நன்றாக எரியும். அதனால் ஓட்டுகிறவருக்குக் கடைசிவரை விஷயம் தெரியாது.

எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நீங்கள் மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறீர்கள், நான் 60இல் வருகிறேன் என்று வையுங்கள். நமக்கு நடுவே இருக்கும் தூரம் விநாடிக்கு 12.5 மீட்டர் குறைகிறது. 200 மீட்டரில் உங்கள் லைட் தெரிந்துவிட்டால் எனக்கு 16 விநாடி இருக்கிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்து, நிதானமாக விலகிப் போவேன். 40 மீட்டரில்தான் தெரிகிறீர்கள் என்றால் 3 விநாடி. அதில் ஒன்று, ஒன்றரை விநாடி அது என்ன என்று மூளைக்கு எட்டுவதிலேயே போய்விடும். மீதியில் லோடு ஏற்றிய வண்டியை ஈர ரோட்டில் பிடிக்க வேண்டும். அந்த ஓட்டுநர் பிடித்தது உங்கள் நல்ல காலம்.

மழையில் முன் கண்ணாடியில் நிற்கும் ஒவ்வொரு துளியும் எதிர் வெளிச்சத்தை வாங்கிச் சிதறடிக்கும். வைப்பர் துடைத்த ஒரு நொடி தெளிவு, அடுத்த நொடி கலங்கல். அந்தக் கலங்கலில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி மினுக்கினால் அது தூரத்தில் போகும் பைக்கா, வயலில் நிற்கும் டிராக்டரா, பக்கத்தில் போகும் சைக்கிளா என்று பிடிபடாது. அணைந்து எரியும் லைட் கண்ணை இழுக்கும், அது நல்லதுதான். ஆனால் எவ்வளவு தூரம் என்று அளக்க, அணையாமல் ஒன்று எரிய வேண்டும். பின்னால் இரண்டு லைட் வையுங்கள். ஒன்று நிலையாக எரியட்டும், ஒன்று மினுக்கட்டும். இரண்டு வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. முன் லைட் அணைந்தால் உடனே உங்களுக்குத் தெரியும். பின் லைட் அணைந்தால் வீடு போய்ச் சேரும்வரை தெரியாது.

டிம்மில் வரும்போது எங்கள் வெளிச்சம் கீழ்நோக்கித்தான் இருக்கும். ஓரத்தில் போகிறவரின் கால்தான் முதலில் வெளிச்சத்துக்குள் வரும். சட்டை அப்புறம்தான். பெடல் ரிஃப்ளெக்டர் மேலும் கீழும் போய்வரும்போது, "சைக்கிள்" என்று யோசிக்காமலே கை ஸ்டியரிங்கைத் திருப்பிவிடும். அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டு உங்கள் பெடலில் இருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு உடைந்து போயிருக்கும்.

எதிர்ப்பக்கமாக ஓட்டுவது வேண்டவே வேண்டாம். நடந்து போகிறவருக்கு அது சரி. அவர் சட்டென்று நின்று மண்ணில் இறங்கிவிடலாம். சைக்கிளில் எதிரே வந்தால் என் 60உம் உங்கள் 15உம் சேர்ந்து 75 ஆகிவிடும். அதே 40 மீட்டருக்கு 2 விநாடிகூட மிஞ்சாது. திருப்பத்தில் யாரும் அந்தப் பக்கத்தில் சைக்கிளை எதிர்பார்க்கவும் மாட்டார்கள்.


பதில் – செயின்சத்தம்

நைட்லோடு அண்ணன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நான் சைக்கிள் பக்கத்திலிருந்து சேர்க்கிறேன். இரவுப் பயணம் எனக்குப் பழக்கம். ராத்திரி முழுக்க ஓட்டி விடியற்காலையில் போய்ச் சேரும் நீண்ட பயணங்கள் நிறையச் செய்திருக்கிறேன்.

முதலில் அந்த மஞ்சள். பகலில், முக்கியமாகப் பொழுது சாயும் நேரத்தில், அந்த நிறம் அருமையாக வேலை செய்யும். அந்தச் சாயம் பகல் வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றி வெளியே விடுகிறது. அதனால்தான் அத்தனை பளிச். ஹெட்லைட்டில் அந்தக் கதிர் கிட்டத்தட்ட இல்லை. இரவில் உங்கள் ரெயின்கோட் சாதாரண மஞ்சள் துணிதான். நனைந்தால் இன்னும் மங்கும்.

இரவுக்கு வேண்டியது வெளிச்சம் வந்த திசைக்கே அதைத் திருப்பி அனுப்பும் பொருள். நாம் ரேடியம் ஸ்டிக்கர் என்கிறோமே, அதுதான். அதில் ரேடியம் எதுவும் கிடையாது. பொடிப்பொடியான கண்ணாடி மணிகளோ, நுண்ணிய பிளாஸ்டிக் பட்டகங்களோ இருக்கும். கண்ணாடி மணிகள் வெளியே தெரிகிற வகைத் துணி நனைந்தால் சரியாக வேலை செய்யாது. பட்டக வகை, மேலே வழவழப்பாகப் பிளாஸ்டிக் மூடியிருப்பது, மழையிலும் தாங்கும். உங்கள் ரோட்டுக்கு அதுதான் சரி. மட்கார்டு ரிஃப்ளெக்டரையும் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். மெல்லிய சேறு படிந்தாலே அது செத்துப்போன மாதிரிதான்.

எங்கே ஒட்டுவது என்பதுதான் பெரிய விஷயம். அண்ணன் சொன்ன பெடல் கணக்குக்குப் பின்னால் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது. குன்னர் யொஹான்சன் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆளின் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகளை வைத்து, உடல் தெரியாத இருட்டில் நடக்கவிட்டார். நின்றால் அவை வெறும் புள்ளிகள். அசைந்ததும், இது ஒரு மனிதர் நடப்பது என்று பார்த்தவர்களுக்கு நொடிக்குள் தெரிந்துவிட்டது. இதையே சைக்கிளுக்குப் பொருத்தி ஆஸ்திரேலியாவில் ஜோன் வுட் குழுவினர் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். போக்குவரத்து இல்லாத சாலையில் இரவில் ஓட்டுநர்களை ஓட்டவிட்டு, வழியில் சைக்கிள்காரர்களை வைத்துப் பார்த்தார்கள். கறுப்பு உடைக்காரரை அடையாளம் கண்டது 2 சதவீதம். உங்களுடையது போலப் பகலில் பளிச்சிடும் மேலங்கி என்றால் 15. ஒளியைத் திருப்பும் மேலங்கி என்றால் 50. அதோடு கணுக்காலிலும் முழங்காலிலும் பட்டை கட்டியபோது 90. நான் முதன்முதலில் இதைப் படித்த அன்று மாலையே இரண்டு கணுக்காலுக்கும் பட்டை வாங்கினேன். வேறு எதுவும் செய்ய முடியாவிட்டாலும் அதை மட்டும் செய்யுங்கள்.

பின் லைட்டைச் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து, கேரியரின் பின் கம்பியில் மாட்டுங்கள். துணி, பை எதுவும் அங்கே தொங்காது. வானத்தையோ தரையையோ பார்க்காமல் நேராகப் பின்னால் பார்க்க வேண்டும். இந்தச் சின்ன லைட்டுகள் நடுவில்தான் பிரகாசமாக இருக்கும். கொஞ்சம் சாய்ந்தாலும் பாதி வெளிச்சம் வீணாகிவிடும்.

முன் லைட்டுக்கு வருகிறேன். தெரிவதற்கு ஒரு லைட், பார்ப்பதற்கு ஒரு லைட் என்று இரண்டு வகை உண்டு. தெருவிளக்குள்ள இடத்தில் சின்னதே போதும். உங்கள் ஆறு கிலோமீட்டருக்கு ரோட்டைக் காட்டும் லைட் வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் லூமென் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அது மொத்த வெளிச்சத்தின் அளவு. அதில் பாதி மரக்கிளைக்கும் எதிரே வருகிறவர் கண்ணுக்கும் போனால் உங்களுக்கு என்ன பயன்? மேல்பக்கம் கத்தரித்த மாதிரி நின்று, முழு வெளிச்சத்தையும் ரோட்டில் கொட்டும் லைட்டுகள் இருக்கின்றன. ஜெர்மனியில் சைக்கிள் விளக்கு அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். சாய்வு வைப்பதற்கு அங்கே பழைய கணக்கு ஒன்று உண்டு. சுவருக்கு 5 மீட்டர் முன்னால் சைக்கிளை நிறுத்துங்கள். வெளிச்சத்தின் நடு, லைட் இருக்கும் உயரத்தில் பாதிக்கு வர வேண்டும். அப்படி வைத்தால் ரோட்டில் 10 மீட்டர் தள்ளி விழும். உங்கள் வேகத்துக்கு அது சரியாக இருக்கும்.

லைட் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். தலையில் கட்டிக்கொள்ளும் லைட்டை நம்பி ஓட்டி நான் ஒரு குழியில் முன் சக்கரத்தை விட்டு ரிம்மை வளைத்திருக்கிறேன். கண்ணும் லைட்டும் ஒரே இடத்தில் இருந்தால் குழியின் நிழல் குழிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ரோடு முழுக்கச் சமதளமாகத் தெரியும். லைட்டைக் கீழே, முன் சக்கரத்துக்கு மேலே ஃபோர்க்கில் மாட்டிப் பாருங்கள். ஒரு கூழாங்கல்கூட நீளமாக நிழல் போடும். குழி கறுப்பாக வாயைத் திறந்துகொண்டு தெரியும். ஈர ரோட்டில் மட்டும் இதுவும் ஏமாற்றும். தண்ணீர் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை முன்னால் தள்ளிவிடுவதால் உங்கள் கண்ணுக்கு எதுவும் திரும்பி வராது. மழையில் லைட் போதவில்லை என்று தோன்றினால் லைட்டில் கோளாறில்லை. வேகத்தைக் குறையுங்கள், வேறு வழியில்லை.

சார்ஜ் பிரச்சினையே வேண்டாம் என்றால் சக்கர மையத்தில் வரும் ஹப் டைனமோ இருக்கிறது. டயரில் உரசிக் கூவும் பழைய டைனமோவை நினைத்துப் பயப்பட வேண்டாம். இதில் சத்தமும் இல்லை, மிதிக்கும்போது பாரமும் தெரியாது. நல்ல லைட்டாக இருந்தால் சைக்கிள் நின்ற பிறகும் சில நிமிஷம் எரியும். செலவு கொஞ்சம் கூடுதல், அவசரமில்லை.

கடைசியாக ஒரு வேலை. எல்லாம் மாட்டி முடித்ததும், வீட்டில் யாரையாவது உங்கள் ரெயின்கோட்டைப் போட்டு, உங்கள் பையையும் மாட்டி, சைக்கிளில் உட்கார வையுங்கள். நீங்கள் இருட்டில் 200 அடி எடுத்துவைத்துப் பின்னால் போங்கள். ஒரு டார்ச்சைக் காதுக்குப் பக்கத்தில், கண் உயரத்தில் பிடித்து அடித்துப் பாருங்கள். ரிஃப்ளெக்டர் வெளிச்சத்தை வந்த இடத்துக்கே அனுப்பும் என்பதால் டார்ச்சை இடுப்பில் பிடித்தால் சரியாகத் தெரியாது. அந்த ஓட்டுநர் பார்த்தது என்ன என்று அப்போது புரியும்.


பதில் – மணிஅடி

இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை அக்கா. நான் இருப்பதிலேயே பிரகாசமான சிவப்பு லைட்டை வாங்கி முழு வேகத்தில் மினுக்க விடுகிறேன். அரைக் கிலோமீட்டருக்குத் தெரிகிறது. யாரும் பக்கத்தில் வருவதில்லை.


பதில் – நைட்லோடு

தம்பி மணிஅடி, உங்கள் பாதுகாப்பு எனக்கும் முக்கியம், அதனால் சொல்கிறேன். அப்படி ஒரு லைட்டுக்குப் பின்னால் நான் போயிருக்கிறேன். அரைக் கிலோமீட்டருக்குத் தெரிவது வாஸ்தவம். ஐம்பது மீட்டருக்குள் வந்தபோது அந்த லைட்டைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. சைக்கிளும் தெரியவில்லை, ரோட்டின் ஓரமும் தெரியவில்லை. உங்களைத் தாண்டிப் போகும்போது எவ்வளவு இடம் விடுகிறேன் என்பதை நான் குத்துமதிப்பாகத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதே லைட்டைக் குறைந்த அளவில், அணையாமல் வைத்துப் பாருங்கள்.


பதில் – கண்ணாடிஅளவு

கண் பரிசோதனை செய்வது என் தொழில். கண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வெளிச்சமான இடத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் கண் முழுசாகப் பழக அரைமணி நேரம்வரை ஆகும். உங்களுக்குத் தெருவிளக்கு முடிவது பாலத்தில். அந்த இடத்துக்குப் பிறகு முதல் பத்து நிமிஷம் உங்கள் கண் பாதி வேலைதான் செய்கிறது. ரோடு பழக்கமானதாக இருந்தாலும் அங்கே மெதுவாகப் போங்கள். கிளம்புவதற்கு முன்னால் செல்போன் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் வேண்டாம்.

எதிரே ஒரு வண்டி டிம் பண்ணாமல் வந்தால் அந்த வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள். எங்கே பார்க்கிறோமோ அங்கேயே ஹேண்டில்பாரும் போகும். தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பைப் பாருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் அந்தக் கண் இருட்டுப் பழக்கத்தை இழக்காது. வண்டி தாண்டியதும் திறந்தால் வித்தியாசம் உடனே தெரியும். வயது ஏற ஏறக் கூச்சத்திலிருந்து கண் மீள்வது தாமதமாகும். நாற்பதைத் தாண்டியிருந்தால் ஒருமுறை கண்ணைக் காட்டிவிடுங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் அதில் கீறலும் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கீறலும் ஹெட்லைட்டை நீளமாக இழுத்துக் காட்டும்.


பதில் – இரண்டாம்ஷிஃப்ட்

எல்லோருக்கும் நன்றி. நைட்லோடு அண்ணா, வலி மூன்றாம் நாள்தான் வந்தது, நீங்கள் சொன்ன மாதிரியே. இப்போது பரவாயில்லை.

நேற்று விடுமுறை. இருட்டின பிறகு பையனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண் பாதைக்குப் போனேன். என் உயரம்தான் இருப்பான். ரெயின்கோட்டைப் போடச் சொல்லி, சைக்கிளில் உட்கார்ந்து மதிலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். முதலில் எதையும் மாற்றாமல், செவ்வாய்க்கிழமை இருந்தபடியே. பின் லைட்டை நானே எரிய விட்டேன். பக்கத்தில் நின்றபோது நன்றாகத் தெரிந்தது. அவன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். ரெயின்கோட்டின் பின்பக்கம் சரிந்து லைட் மேல் அப்படியே படிந்துவிட்டது, ஜன்னலுக்குத் திரை போட்ட மாதிரி.

எண்ணிக்கொண்டே பின்னால் நடந்தேன். அறுபதாவது அடியில் திரும்பிப் பார்த்தேன். பையன் அங்கே இல்லை. அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கண்ணுக்கு எதுவும் தென்படவில்லை. "டேய், இருக்கியா?" என்று கூப்பிட்டேன். "இங்கேதாம்மா இருக்கேன்" என்று குரல் மட்டும் வந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அந்த ஓட்டுநரிடம் நான் கோபப்பட்டுப் பேசியது நினைவுக்கு வந்தது. அவர் யாரென்று தெரிந்தால் மன்னிப்புக் கேட்பேன்.

டார்ச்சைக் காதோரம் பிடித்து அடித்தேன். மட்கார்டு ரிஃப்ளெக்டரில் மங்கலாக ஒரு புள்ளி. அவ்வளவு சேறு. பெடல் ரிஃப்ளெக்டர் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது. இன்னொன்று எப்போது உடைந்தது என்றே தெரியவில்லை.

இன்று காலை லைட்டைக் கேரியருக்கு மாற்றினேன். புதிதாக ஒன்று வாங்கிப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். அது அணையாமல் எரியும். இரண்டு கணுக்காலுக்கும் பட்டை, ரெயின்கோட்டின் முதுகில் பட்டக வகை ஸ்டிக்கர். மாலையில் மறுபடி அதே மண் பாதை. இந்த முறை பின் சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, பையனை மிதிக்கச் சொன்னேன். 200 அடியில் டார்ச் அடித்ததும் இரண்டு கணுக்காலும் மாறி மாறி ஏறி இறங்கின. உடம்பு தெரியவில்லை, சைக்கிள் தெரியவில்லை. ஆனால் யாரோ சைக்கிள் மிதிக்கிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னும் ஒரு சந்தேகம். நாலாவது கிலோமீட்டரில் வாய்க்காலை ஒட்டி ஒரு திருப்பம். உள்பக்கம் முழுக்க மரம். அங்கே என்னிடம் எத்தனை லைட் இருந்தாலும் திருப்பத்துக்குப் பின்னால் வருகிறவருக்குத் தெரியாதே? அங்கே எப்படிப் போவது?


பதில் – நைட்லோடு

நல்ல வேலை செய்தீர்கள் தங்கச்சி. அந்த ஓட்டுநர் இதைப் படித்தால் அவருக்கும் நிம்மதியாக இருக்கும்.

அந்த மாதிரித் திருப்பத்தில் உள் ஓரத்தை ஒட்டிப் போகாதீர்கள். மரம் உங்களை மறைக்கும். திருப்பம் வருவதற்கு முன்பே, பின்னால் வண்டி இல்லை என்று திரும்பிப் பார்த்துவிட்டு, உங்கள் பாதியின் நடுப்பக்கமாகக் கொஞ்சம் வாருங்கள். என் வெளிச்சம் உங்களை ஒரு நொடி, ஒன்றரை நொடி முன்னதாகப் பிடிக்கும். குழி வந்தால் ஒதுங்கவும் இடம் இருக்கும். காதில் எதையும் மாட்டாதீர்கள். அங்கே கண்ணைவிடக் காதுதான் முன்னால் போகும். எதிரே வருகிற வண்டியின் வெளிச்சம் மரத்தின் மேல் கிளைகளில் முதலில் தெரியும், கவனித்திருப்பீர்கள்.

முன்னாலும் பின்னாலும் ஒரே நேரத்தில் வண்டி வருகிறது என்று தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம். இறங்கி மண்ணுக்குப் போய்விடுங்கள். அந்த அகலத்தில் மூன்று பேருக்கு இடமில்லை. இறங்கும்போது சைக்கிளைக் குறுக்கே திருப்பி நிறுத்தாதீர்கள். பின் லைட் ரோட்டை நோக்கியே இருக்கட்டும்.


பதில் – செயின்சத்தம்

அண்ணன் சொன்னதோடு ஒன்று. மண்ணில் இறங்குவதற்கு முன்னால் வேகத்தை நன்றாகக் குறைத்துவிடுங்கள். தார் விளிம்பு மண்ணைவிட மேடாக இருந்தால் முன் சக்கரம் சாய்வாக இறங்கும்போது சறுக்கும். அன்றைக்கு நீங்கள் விழுந்ததும் அதனால்தான் இருக்கும். பகலில் ஒருநாள் அந்தத் திருப்பத்தில் நின்று, எந்த இடத்தில் இறங்கலாம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.


பதில் – இரண்டாம்ஷிஃப்ட்

வேலைக்குப் போகும்போது பகல்தான், திருப்பத்தில் நின்று பார்த்துவிட்டேன். வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் பத்து அடிக்கு விளிம்பு சமமாக இருக்கிறது. அங்கேதான் இறங்க வேண்டும்.

இப்போது இரவு 11:50. வீடு வந்து சேர்ந்துவிட்டேன். பின்னாலிருந்து நாலு வண்டி தாண்டிப் போயின. நாலு தடவையும் வண்டிச் சத்தம் சரியாகக் கேட்பதற்கு முன்பே என் நிழல் ஓரமாகச் சாய ஆரம்பித்துவிட்டது.